பாட்டிலின் அடியில் வெள்ளையாக

சென்ற வாரம் மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையிலிருந்து என் அக்காள் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஐந்து கிலோ சமையல் எண்ணெய் பாட்டில். மேல் பாதி தெளிந்த மஞ்சள். கீழ்ப் பாதி அரிசி மாவைக் கரைத்து ஊற்றியதுபோல் வெள்ளை. “சித்தி, இதில் மெழுகு கலந்திருக்கிறார்களாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கெட்டுப்போன எண்ணெயா?” என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு மலையில் வேலை மாற்றலாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. இவள் கிள்ளான் வெயிலில் பிறந்து வளர்ந்தவள். எண்ணெய் உறைந்து அவள் பார்த்ததே இல்லை.

நாற்பத்தொரு வருடம் செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, சொட்டுச் சொட்டாக அளந்து சம்பளம் வாங்கியவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா? தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரம். ஆங்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனை நட்டார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. அப்பா குலை வெட்டுபவர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து ஒரே இழுப்பில் குலையை விழவைப்பார். இருபது கிலோவுக்குக் குறையாத குலை, முள்ளும் பழமுமாக விழும். அம்மாவுக்கு வேறு வேலை, மகரந்தம் தூவுவது. டால்கம் மாவில் கலந்த மகரந்தத்தைப் பீச்சானில் அடைத்துக்கொண்டு மட்டைகளின் முள்ளுக்குள் கையை விட்டு ஒவ்வொரு பெண்பூவாகத் தூவிக்கொண்டே போவார்கள். மாலையில் அம்மாவின் முழங்கைவரை கீறல்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன மூக்கு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது அந்த வண்டுதான் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். இங்கே மரத்தை மட்டும் கொண்டுவந்தவர்கள், வண்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வண்டு பரவியதும் குலைகள் திரண்டன. அம்மாவின் கூட்டத்துக்கு அந்த வேலை போயிற்று. “எறும்பளவு இருந்துகொண்டு என் சம்பளத்தைத் தின்றுவிட்டதே” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆறாம் படிவம் முடித்த கையோடு தோட்டத்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராகச் சேர்ந்ததும் அதே வருடம்தான்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, எஃப்.எஃப்.ஏ. பார்ப்பது. தமிழில் சொன்னால் கட்டற்ற கொழுப்பமிலம். எண்ணெய் என்பது மூன்று கொழுப்பமிலங்களை ஒரு கிளிசரால் காம்பு பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்பு. பழம் அடிபட்டால் உள்ளே இருக்கும் லிப்பேஸ் நொதி அந்தப் பிடியை அறுக்கத் தொடங்கிவிடும். அறுந்து தனியே திரியும் அமிலம் எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. அதனால்தான் வெட்டிய குலையை அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுவந்து, 140 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிக்கிறார்கள். அவித்தால் நொதி செத்துப்போகும். பிறகுதான் பிழிவதெல்லாம்.

ஐந்து கிராம் எண்ணெயைக் கூம்புக் குடுவையில் எடுத்து, ஆல்கஹால் ஊற்றிச் சூடாக்கி, பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தை இறக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து நிலைத்தால் நிறுத்த வேண்டும். எண்ணெயே சிவப்பாக இருக்கும்போது அதற்குள் இளஞ்சிவப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஏழு மில்லி இறங்கினால் 3.58 சதவீதம். ஐந்தைத் தாண்டினால் விலையில் வெட்டு. மேலாளர் முகத்திலும் தெரியும்.

அந்தச் சூத்திரத்தில் 25.6 என்று ஓர் எண் வரும். என்ன அது என்று கேட்டதற்கு, மனப்பாடம் செய்துகொள் என்றார் மூத்த உதவியாளர். இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய பாடப்புத்தகத்தில் நானே தேடிக் கண்டுபிடித்தேன். பால்மிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 256. பதினாறு கார்பன், முப்பத்திரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்: 192, 32, 32. கூட்டிப் பாருங்கள். செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 சதவீதம் இந்த அமிலம் என்பதால், தனியே திரிவது எதுவாக இருந்தாலும் எல்லாவற்றையும் பால்மிட்டிக் என்றே வைத்துக் கணக்கெழுதுவது வழக்கம். அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெய்க்கு 20 போட்டுப் பெருக்குவோம். அங்கே ஆட்சி லாரிக் அமிலத்துடையது, எடை 200. தேங்காயெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒரே பழத்தில் சதைக்கு ஒரு குணம், கொட்டைக்கு ஒரு குணம்.

என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால், எண்பதுகளில் தீபாவளி எந்தத் தேதியில் வந்தது என்று நாள்காட்டி பார்க்காமலே சொல்லிவிடலாம். வெட்டுபவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். பண்டிகைக்கு மூன்று நாள் லாரி ஓடாது. வெட்டிப் போட்ட குலை கொட்டகையில் கிடக்கும். நான்காம் நாள் எஃப்.எஃப்.ஏ. ஆறு, ஏழு என்று ஏறி நிற்கும். பிறகு நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் வந்தார்கள். அந்த ஏற்றம் தீபாவளியை விட்டு நோன்புப் பெருநாளுக்கு நகர்ந்தது. தோட்டத்தின் வரலாற்றை யாராவது எழுதப்போனால் என் குறிப்பேட்டின் எஃப்.எஃப்.ஏ. பத்தியையும் பார்க்கச் சொல்வேன்.

பால்மிட்டிக் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எட்மோன் ஃப்ரெமி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1840இல் இந்தப் பாம் எண்ணெயைச் சோப்பாக்கிப் பிரித்தபோது கிடைத்த அமிலம், அதனால் அந்தப் பெயர். தமிழ்நாட்டுச் சொந்தங்கள் வந்தால் “பாமாயில் என்றால் பனை எண்ணெய்தானே?” என்று தவறாமல் கேட்பார்கள். இல்லை. நுங்கு தரும் பனை வேறு, இது வேறு. செம்பனை என்ற நல்ல பெயரை நாங்கள் வைத்திருக்கிறோம். அங்கே ரேஷன் கடையில் பாமாயில் வாங்கும் யாருக்காவது இந்தச் சொல் போய்ச் சேர்ந்தால் மகிழ்ச்சி.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன்.

விளக்குமாறு கட்டியிருக்கிறாயா என்று அக்காள் மகளிடம் கேட்க முடியாது, அவள் கடையில் வாங்குகிற தலைமுறை. லயத்தில் நாங்கள் செம்பனை மட்டையின் ஈர்க்கைச் சீவிக் கட்டுவோம். நேரான ஈர்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, கையில் இறுக்கமாக அடங்கும். இடையில் வளைந்த ஈர்க்கு நாலு சேர்ந்துவிட்டால் கட்டு நெகிழ்ந்துகொண்டே இருக்கும். கொழுப்பமிலங்களும் அப்படித்தான். பால்மிட்டிக் நேரான ஈர்க்கு. நெருக்கமாக அடுக்கிக்கொண்டு எளிதில் உறையும், உருக்க 63 டிகிரி வேண்டும். ஒலியிக் அமிலத்துக்கு நடுவில் ஒரு வளைவு, ஓர் இரட்டைப் பிணைப்பு. அதை உருக்க 14 டிகிரிகூட வேண்டாம். செம்பனை எண்ணெயில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், அறைச் சூட்டில் அது திடமும் இல்லாமல் திரவமும் இல்லாமல் களிபோல் இருக்கும்.

ஆலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, கிள்ளான் துறைமுகம் பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு மாறினேன். அங்கே எண்ணெயின் சிவப்பை வெளுத்து, வாடையை நீக்கி, நான் அத்தனை காலம் அளந்துகொண்டிருந்த கட்டற்ற அமிலத்தை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுப்பார்கள். எடுத்ததை வீசுவதில்லை, சோப்புக்காரர்கள் லாரியோடு காத்திருப்பார்கள். பிறகு எண்ணெயைப் பெரிய தொட்டிகளில் மெல்ல மெல்லக் குளிரவைப்பார்கள். அவசரம் கூடாது, பாகு பதம் பார்ப்பதுபோல் நிதானம் வேண்டும். பால்மிட்டிக் அதிகமுள்ள பகுதி மணிமணியாக உறையும். அழுத்திப் பிழிந்து வடிகட்டினால் தேங்குவது ஸ்டியரின். அது பிஸ்கட்டுக்கும் மார்ஜரினுக்கும் சோப்புக்கும் போகும். வடிந்து வருவது ஓலீன், நம் வீட்டு பாட்டிலுக்கும் இரண்டு ரிங்கிட் ஐம்பது காசுப் பாக்கெட்டுக்கும் போவது.

வடித்த பிறகும் சாதாரண ஓலீனில் நாற்பது சதவீத அளவுக்குப் பால்மிட்டிக் தங்கியே இருக்கும். கிள்ளானில் முப்பது டிகிரி, தெரியாது. கேமரன் மலையில் இரவு பதினாறு, பதினேழுக்கு இறங்குகிறது. தொட்டியில் நாங்கள் செய்ததைத்தான் உன் சமையலறை அலமாரி மெதுவாகச் செய்திருக்கிறது. மெழுகும் இல்லை, கலப்படமும் இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்திவைத்தால் தெளிந்துவிடும்.

மெழுகு என்றவர் முழுத் தப்பாகவும் சொல்லிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேன்மெழுகின் முக்கியச் சரக்கு பால்மிட்டிக் அமிலம் ஒரு நீண்ட ஆல்கஹாலோடு கைகோத்த சேர்மம்தான். ஆனால் உன் பாட்டிலில் இருப்பது மெழுகு இல்லை, மெழுகின் உறவு.

இது உடம்புக்கு நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்வியைக் கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்காதவர் இல்லை. என் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வேன். எங்கள் தொழிலில் பாட்டிலின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிதாக அச்சடிப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது? புளியில் உப்பில்லை என்று விளம்பரம் செய்வதுபோல்தான். உண்மை என்னவென்றால், பால்மிட்டிக் ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை ஏற்றும். அதன் இடத்தில் நல்லெண்ணெய், கடலையெண்ணெய் போன்றவற்றை வைத்தால் இறங்கும். மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம் அளவில் வரும். ஒரு மேசைக்கரண்டி செம்பனை எண்ணெயில் ஆறேழு கிராம் வந்துவிடும். மற்றபடி பால்மிட்டிக் என்றால் விஷம் என்று அலறுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டு நெய்யிலும் கால்வாசிக்குமேல் அதுதான்.

என் கணவருக்கு 2015இல் கொழுப்பு ஏறியிருந்தது. மறுநாளே வீட்டில் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டார். சம்பளம் தந்த எண்ணெய்மேல் தடையா என்று நான் எதுவும் பேசவில்லை. ஆனால் கடையில் நாளுக்கு மூன்று தே தாரிக், அதாவது ஆற்றிய பால்தேநீர், குடிப்பதை மட்டும் அவர் விடவில்லை. அதில் ஊற்றும் டின் பாலில் பெரும்பாலும் ‘கிரீமர்’ என்றுதான் எழுதியிருக்கும். பால்கொழுப்பை எடுத்துவிட்டுச் செம்பனைக் கொழுப்பைச் சேர்த்தது. அதையாவது விட்டுவிடுவோம். சோறும் சீனியும் தேவைக்குமேல் மிஞ்சினால் கல்லீரல் அதை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக்கொண்டே போய், பதினாறு வந்ததும் அறுத்துவிடும். அறுந்து விழுவது பால்மிட்டிக் அமிலம். “வீட்டுக்குள் வராதே என்று நீங்கள் சொல்லலாம், உள்ளேயே ஓர் ஆலை ஓடுகிறதே” என்றேன். அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் மூன்று ஒன்றாகக் குறைந்தது.

இதுவரைக்கும் எழுதியது எல்லாம் நான் வேலையில் கற்றது. அடுத்தது ஓய்வுபெற்ற நான்காவது மாதம், 2022இல், ஒரு மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்துகொண்டு கற்றது.

என் மகளுக்கு இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1.2 கிலோ. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு முழுவதும் உள்ளே குழிந்தது என்று மருமகன் வந்து சொன்னார். நுரையீரலின் காற்றறைகள் ஈரமான பாலிதீன் பைகள்போல. மூச்சு விட்டதும் உள்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க ஒரு வழவழப்புப் படலம் வேண்டும். அது வயிற்றுக்குள் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு ஊறும். இந்தக் குழந்தைக்கு இன்னும் ஊறவில்லை. மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்து இருக்கிறது, குழாய் வழியாக உள்ளே விட வேண்டும், சம்மதமா என்று இளம் மலாய் மருத்துவர் ஒருவர் கேட்டார். கிலோவுக்கு நான்கு மில்லி. எங்கள் பிள்ளைக்கு ஐந்து மில்லிகூட வராது.

மருமகன் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி அம்மாள் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவர், மாட்டிறைச்சி சமைத்த பாத்திரம் என்று தெரிந்தால் தண்ணீரும் வாங்கமாட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் சொன்னார்: “பாலைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டோம். மூச்சைக் கொடுத்தால் வேண்டாம் என்பதா? கையெழுத்துப் போடு.”

எங்களை உள்ளே விடமாட்டார்கள். உட்கார்ந்து என்ன செய்வது? மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிவைத்திருந்தேன், பெராக்டன்ட். கைப்பேசியில் தேடினேன். ஒரு மில்லியில் பாஸ்போலிப்பிடு 25 மில்லிகிராம். அதற்குக் கீழே இன்னொரு வரி: கட்டற்ற கொழுப்பமிலம், 1.4 முதல் 3.5 மில்லிகிராம்.

இரண்டு முறை படித்தேன். நாற்பத்தொரு வருடம் நான் குறையென்று எழுதிவந்த அதே மூன்று எழுத்து. மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்தது மட்டும் போதாதென்று, டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற வாயில் நுழையாத பொருளையும், டிரைபால்மிட்டினையும், வெறும் பால்மிட்டிக் அமிலத்தையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள். எஃப்.எஃப்.ஏ.வை விலைகொடுத்துச் சேர்க்கிறார்கள்! சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சம்பந்தி அம்மாள் என் தோளைத் தொட்டு, என்னம்மா என்றார். அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் போய் இரவெல்லாம் படித்தேன். நுரையீரல் படலத்தின் முக்கியச் சரக்கே அந்த வாயில் நுழையாத பொருள்தான். அதில் இரண்டு வால், இரண்டும் பால்மிட்டிக். நேரான ஈர்க்குகள். காற்றறையின் ஈரத்தின்மேல் அவை நெருங்கி நின்றுகொள்கின்றன. அது உருகும் சூடு 41 டிகிரி, நம் உடம்பின் சூடு 37. அதாவது உடம்புச் சூட்டில் அந்தப் படலம் இறுகி நிற்கிறது. மூச்சு விடும்போது அறை சுருங்கினாலும் நசுங்கிவிடாமல் தாங்குகிறது. வளைந்த வால் உள்ள கொழுப்பு மட்டும் இருந்தால் நெகிழ்ந்து கொடுத்துவிடும். அக்காள் மகளே, உன் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து பயமுறுத்துகிற அதே குணம்.

1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இதே மூச்சுக் கோளாறில் இரண்டு நாளுக்குள் இறந்துபோனான். இப்படிப்பட்ட பிள்ளைகளின் நுரையீரலில் இந்தப் படலம் குறைவு என்பதை அதற்கு நான்கு வருடம் முன்பே மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் எழுதிவிட்டார்கள், மருந்துதான் இல்லை. ஜப்பானில் புஜிவாரா என்ற மருத்துவர் மாட்டு நுரையீரல் சாற்றில் இதே பால்மிட்டிக் சரக்குகளைச் சேர்த்துப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1980இல். எனக்குப் பதினெட்டு வயது. மறு வருடம்தான் நான் பியூரெட்டைப் பிடித்தேன்.

மூன்றாம் நாள் ஆக்சிஜன் அளவைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு மகள் பாலைப் பீச்சி எடுத்து அனுப்ப, ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று மூக்குக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள். தாய்ப்பால் கொழுப்பிலும் நாலில் ஒரு பங்கு அளவுக்குப் பால்மிட்டிக் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கிளிசரால் காம்பின் நடு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. செம்பனை எண்ணெயில் அது பெரும்பாலும் இரண்டு ஓரங்களில். நம் குடலின் நொதி ஓரங்களைத்தான் அறுக்கும். ஓரத்தில் இருந்து அறுந்த பால்மிட்டிக், பாலின் கால்சியத்தைப் பிடித்துக் குடலுக்குள்ளேயே சோப்பாகிவிடுகிறது. செம்பனை ஓலீன் சேர்த்த மாவுப்பால் குடிக்கிற சில பிள்ளைகளுக்கு மலம் கெட்டியாகப் போவது இதனால்தான். இப்போது அந்த அமிலத்தை நடுவில் உட்காரவைத்த கொழுப்பை ஆலையில் தயாரித்து மாவுப்பாலில் சேர்த்து விற்கிறார்கள், கூடுதல் விலைக்கு. தாய் உடம்பு காசு வாங்காமல் செய்கிற வேலை.

குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது. அவளுடைய சத்தம் தாங்காமல்தான் இதை மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இத்தனையும் எழுதி முடித்து, அக்காள் மகளை அழைத்து, வெந்நீரில் பாட்டிலை வைத்தாயா என்று கேட்டேன். “இல்லை சித்தி, நீங்கள் பதில் போடவே இல்லை. பயமாக இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்” என்றாள். ஐந்து கிலோவையுமா? ஐந்து கிலோவையும்தான். நேற்று இரவிலிருந்து தண்ணீர் இறங்கவில்லையாம், அதையும் கேட்க வேண்டும் என்றிருந்தாளாம்.

பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவை, சோப்புத் தூளை அள்ளிப் போடு, நான் சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இரு என்று சொல்லியிருக்கிறேன். அழைப்பை இன்னும் துண்டிக்கவில்லை.